விஸ்காம் பாடத்திட்டம் மறுபடி மாறுகிறது: எதை வைத்துக்கொள்ளலாம், எதை விடலாம்?

பழைய_லிங்கோ (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். நான் படித்த சென்னைக் கல்லூரியின் பாடத்திட்டக் குழுவில் பழைய மாணவன் என்ற முறையில் என்னைச் சேர்த்திருக்கிறார்கள். தன்னாட்சிக் கல்லூரியில் ஒவ்வொரு துறைக்கும் இப்படி ஒரு குழு இருக்க வேண்டும் என்பது யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதி. வெளிக்கல்லூரிப் பேராசிரியர்கள், தொழில்துறையிலிருந்து ஒருவர், முதுகலை முடித்த பழைய மாணவர் ஒருவர் எல்லாம் அதில் உண்டு. வரும் சனிக்கிழமை கூட்டம். பி.எஸ்சி. விஷுவல் கம்யூனிகேஷனை (விஸ்காம்) முழுக்க மல்டிமீடியா டிசைனாகத் திருப்பிவிடலாமா என்பதுதான் பேசப்போகும் விஷயம்.

வரைவு கைக்கு வந்துவிட்டது. ஆறு செமஸ்டர். பதினொரு தாள்களின் தலைப்பிலேயே ஏதாவது ஒரு மென்பொருளின் பெயர் இருக்கிறது. அதைப் பார்த்ததும் எனக்குப் பயம் வந்தது. ஏன் என்று சொல்கிறேன்.

நான் சேர்ந்தது 1999-இல். அப்போது சென்னையில் மல்டிமீடியா என்ற சொல்லுக்கு இருந்த மவுசு இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. மோஷன் கேப்சர் முறையில், அதாவது நடிகரின் அசைவைக் கணினியில் பதிவுசெய்து, முழுநீள அனிமேஷன் படத்தை இதே ஊரில் உட்கார்ந்து பென்டாமீடியா நிறுவனம் செய்துகொண்டிருந்த காலம். எந்தப் பேருந்து நிறுத்தத்தில் இறங்கினாலும் ஒரு மல்டிமீடியா சென்டரின் பலகை தெரியும். எங்கள் துறையும் அந்த வேகத்தில் மேக்ரோமீடியா டைரக்டர் என்ற மல்டிமீடியா மென்பொருளை ஒரு தாளாகவே கொண்டுவந்தது. அதற்குள் லிங்கோ என்று ஒரு நிரல்மொழி. ராத்திரி பகலாக அதைக் கற்றோம்.

இறுதியாண்டு ப்ராஜெக்டாக மாமல்லபுரம் பற்றி ஒரு சிடி-ராம் செய்தேன். அர்ஜுனன் தபசுப் பாறையில் எந்த உருவத்தைச் சொடுக்கினாலும் அதன் கதை குரலில் வரும். கீழே ஒற்றைக்காலில் நிற்கும் தவசியைப் போலவே இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி நிற்குமே ஒரு பூனை, சுற்றிலும் எலிகளோடு, அதைச் சொடுக்கினால் என் பாட்டியின் குரல் வரும். பாட்டி இப்போது இல்லை.

போன வாரம் அந்த சிடியைத் தேடி எடுத்தேன். வீட்டில் சிடி போடும் கணினியே கிடையாது. அலுவலகத்தில் ஒரு வெளி டிரைவ் கிடைத்தது. அன்றைய மேக்கில் செய்ததை இன்றைய மேக் திறக்கவே மறுக்கிறது. டைரக்டரைப் பின்னால் வாங்கிய அடோபி 2017-இல் அதை நிறுத்திவிட்டது. ஆனால் அதே அட்டைப்பெட்டியில் ஸ்கெட்ச் புத்தகம் கிடைத்தது. இரண்டு நாள் பாறைக்கு எதிரே வெயிலில் உட்கார்ந்து பென்சிலில் வரைந்தது. எந்த உருவத்திலிருந்து எந்தத் திரைக்குப் போக வேண்டும் என்று அம்புக்குறி போட்டு வைத்திருக்கிறேன். என் மகளுக்கு எட்டு வயது. புரட்டிப் பார்த்துவிட்டு, "இதைத் தொட்டா அந்தப் பக்கம் போகணுமா?" என்று கேட்டாள். நான் ஒன்றும் விளக்கவில்லை.

என் கேள்வி இதுதான்: நீங்கள் படித்ததில் எது இன்றும் உங்களுக்குச் சோறு போடுகிறது? எது செத்துப்போனது? எந்த ஆண்டு, எந்த மாதிரிக் கல்லூரி என்று சொன்னால் உதவியாக இருக்கும். கல்லூரியின் பெயர் வேண்டாம்.

ஹைப்போ

நான் உங்களுக்கு முந்திய தலைமுறை. 1992 பேட்ச். அப்போது விஸ்காம் என்றாலே என்னவென்று வீட்டில் சொல்லிப் புரியவைக்க முடியாது. "சினிமாப் படிப்பா?" என்று கேட்பார்கள். பெண்பிள்ளை என்பதால் இன்னும் இரண்டு கேள்வி கூடுதலாக வரும்.

எங்களுக்குக் கணினி என்று இருந்தது இரண்டு. தொட ஆசிரியரின் அனுமதி வேண்டும். இருட்டறைக்கு மட்டும் அனுமதி தேவையில்லை. ஃபிலிம் கழுவும் டி-76 கரைசலைக் கலக்குவது, சுருளை இருட்டில் கைத்தடவலாகவே ரீலில் ஏற்றுவது, என்லார்ஜரின் கீழே பிரோமைடு தாளை வைத்து ஐந்து, பத்து, பதினைந்து விநாடி என்று துண்டு துண்டாக ஒளி காட்டி டெஸ்ட் ஸ்ட்ரிப் எடுப்பது. ஒரு நல்ல பிரின்ட்டுக்கு ஒரு மதியம் போகும். அந்த மதியத்தில்தான் சாம்பலுக்குள் எத்தனை சாம்பல் இருக்கிறது என்று என் கண் கற்றுக்கொண்டது.

இன்று நான் விளம்பரப் படங்களுக்கு வண்ணத் திருத்தம் செய்கிறேன். மென்பொருள் நான்கு முறை மாறிவிட்டது. ஒவ்வொரு முறையும் புதிதாகக் கற்க எனக்கு ஆனது ஒரு மாதம், மிஞ்சிப்போனால் இரண்டு. கண்ணைப் புதிதாகக் கற்க வேண்டியிருக்கவில்லை.

எங்கள் இருட்டறையை இடித்துப் பச்சைத்திரை அறை ஆக்கிவிட்டார்கள். அதுவும் தேவைதான். ஆனால் சனிக்கிழமை யாராவது ஒருவர் அதைப் பற்றி எழுந்து கேட்க வேண்டும் தம்பி.

ஸ்டேஜ்_பிரேம்

நான் ஃப்ளாஷ் (வலைப்பக்க அனிமேஷன் மென்பொருள்) தலைமுறை. 2009-இல் வெளியே வந்தேன். கோவைப் பக்கம். ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் (ஃப்ளாஷின் நிரல்மொழி) தெரிந்தால் இ-லேர்னிங் கம்பெனிகளில் உடனே வேலை. வேலையில் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, 2010 ஏப்ரலில் ஸ்டீவ் ஜாப்ஸ் அந்தக் கடிதத்தை எழுதினார். ஐபோனிலும் ஐபேடிலும் ஃப்ளாஷ் வராது என்று. எங்கள் குழுவில் பன்னிரண்டு பேர். மதியச் சாப்பாட்டு மேசையில் யாரும் பேசவில்லை. அதற்கப்புறமும் ஃப்ளாஷ் உடனே சாகவில்லை, 2020 டிசம்பர் 31 வரை பெயருக்கு இருந்தது. ஆனால் புது வேலை வருவது அதற்கு வெகு முன்பே நின்றுபோனது.

பன்னிரண்டு பேரில் நாங்கள் ஐந்து பேர் எச்டிஎம்எல்-5 பக்கம் தாவினோம். மற்றவர்கள் வேறு துறைக்குப் போய்விட்டார்கள். தாவியவர்களுக்கும் போனவர்களுக்கும் திறமையில் வித்தியாசம் இல்லை. நாங்கள் ஐந்து பேரும் அனிமேஷனைக் காகிதத்தில் கற்றவர்கள். ஒரு பந்து விழுந்து எழும்பும்போது மேலே போகப் போக ஏன் மெதுவாகிறது என்று நூறு தாள் வரைந்து கற்றவர்கள். இன்று ஒரு செயலியில் மெனு எப்படித் திறந்து மூட வேண்டும் என்று நான் முடிவெடுக்கும்போது அதே பந்துதான் கைக்குள் இருக்கிறது.

பழைய_லிங்கோ அண்ணா, தாளின் தலைப்பில் மென்பொருள் பெயர் வேண்டாம். இது ஒன்றையாவது மாற்றிவிடுங்கள். "இயக்கம்" என்று வையுங்கள். எதில் செய்தால் என்ன.

ரெண்டர்_ராத்திரி

எல்லோரும் ஒரே பக்கம் சாய்கிறீர்கள். நான் மறுத்துச் சொல்கிறேன், கோபிக்க வேண்டாம்.

நான் ஒரு விஎஃப்எக்ஸ் (காட்சி விளைவுகள்) நிறுவனத்தில் ஆள் எடுக்கும் இடத்தில் இருக்கிறேன். வருகிற பிள்ளைகளில் பாதிப் பேர் குடும்பத்தில் முதல் பட்டதாரி. அப்பா ஆட்டோ ஓட்டுகிறார், அம்மா தையல். மூன்று வருடக் கட்டணத்துக்கு நகை அடகில் இருக்கிறது. அந்தப் பிள்ளை வேலைக்கு வரும் முதல் நாள் மாயா, நியூக், பிளெண்டர் என்ற மென்பொருள்களில் ஏதாவது ஒன்றில் ஒரு ஷாட்டை எடுத்து முடித்துக் கொடுக்கத் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் இன்னொரு தனியார் பயிற்சி மையத்தில் லட்சக்கணக்கில் கட்டி அதைக் கற்க வேண்டும். பட்டமும் வாங்கி, அதற்கு மேல் சான்றிதழும் வாங்க வேண்டிய நிலை ஏன் வருகிறது? கல்லூரி "நாங்கள் கண்ணைப் பயிற்றுவிக்கிறோம்" என்று சொல்லிவிட்டுக் கையைப் பயிற்றுவிக்காமல் விட்டதால்.

கண் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கருவியைக் கற்றுத்தராமல் விட்டால் அடி விழுவது ஏழைப் பிள்ளைக்குத்தான். வசதியுள்ள பிள்ளை வீட்டிலேயே நல்ல கணினி வைத்துக் கற்றுக்கொள்ளும்.

ஒன்று சேர்த்துச் சொல்கிறேன். பிளெண்டர் 2002-இலிருந்து கட்டற்ற மென்பொருள். காசு கொடுக்க வேண்டாம். அடோபி 2013-இல் மாதச் சந்தாவுக்கு மாறிய பிறகு சிறு கல்லூரிகளின் லேப் என்ன பாடுபடுகிறது என்று எல்லோருக்கும் தெரியும். பாடத்திட்டத்திலேயே கட்டற்ற மென்பொருளை அடிப்படையாக வைத்தால், பிள்ளை வீட்டுக்குப் போயும் அதே கருவியில் பயிற்சி செய்யலாம். இதை யாராவது குழுவில் சொல்லுங்கள்.

செகண்ட்_இயர்

நான் இப்போது படித்துக்கொண்டிருக்கிறேன். திருவண்ணாமலைப் பக்கம் ஊர், சென்னையில் விடுதி. ரெண்டர்_ராத்திரி சார் சொன்னது எங்கள் வீட்டுக் கதை. நன்றி சார்.

ஆனால் எனக்கு இன்னொரு பயம். போன செமஸ்டர் போஸ்டர் தாளுக்கு மூன்று நாள் உட்கார்ந்து வரைந்தேன். பக்கத்து இருக்கைப் பையன் செயற்கை நுண்ணறிவில் நான்கு வரி தட்டி இருபது படம் எடுத்து, அதில் ஒன்றைக் கொடுத்தான். அவனுக்கு என்னைவிட ஆறு மதிப்பெண் அதிகம். நான் கற்பது எதற்கு என்று அன்றைக்கு அழுகை வந்தது. சீனியர்கள் யாராவது இதைப் பற்றிப் பேசுங்கள்.

வகுப்பறை

இருபது வருடமாக இதே துறையில் கற்பிக்கிறேன். செகண்ட்_இயர், முதலில் உனக்கு. உன் ஆசிரியர் தவறு செய்துவிட்டார் என்று நான் சொல்லமாட்டேன், மதிப்பிடும் முறை பழையது. முடிந்த படத்தை மட்டும் பார்த்து மதிப்பெண் போடுவது படத்தைச் செய்வது கடினமாக இருந்த காலத்து வழக்கம். நான் இரண்டு வருடமாக முடிந்த படத்துக்குப் பாதிக்கும் குறைவாகத்தான் போடுகிறேன். மீதி செயல்முறைப் புத்தகத்துக்கும் எதிரே உட்கார்ந்து பேசுவதற்கும். "இந்தச் சிவப்பு ஏன் இங்கே?" என்று கேட்டால் மூன்று நாள் உட்கார்ந்த பிள்ளைக்குப் பதில் இருக்கும்மா. உன் கோட்டுத் தாள்களைத் தூக்கிப் போட்டுவிடாதே.

இனி பாடத்திட்டம். வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாத சில சிக்கல்கள் உண்டு.

ஒன்று, யார் கற்பிப்பது. நிரந்தரப் பணிக்கு நெட், செட் என்ற தகுதித் தேர்வுகளில் ஒன்றில் தேர்ச்சியோ முனைவர் பட்டமோ வேண்டும். நெட் பட்டியலில் மல்டிமீடியா டிசைன் என்று தனிப் பாடம் கிடையாது. இதழியல், காட்சிக்கலை என்று ஏதாவது ஒன்றின் வழியாகத்தான் உள்ளே வர முடியும். ஆகவே இருபது வருடம் ஸ்டூடியோவில் கை தேய்ந்தவர் உள்ளே வர முடியாமல் வெளியே நிற்கிறார், ஊடகக் கோட்பாட்டில் ஆய்வு செய்தவர் அனிமேஷன் தாள் எடுக்கிறார். அவரும் நொந்துகொண்டுதான் எடுக்கிறார். 2022-இல் யுஜிசி கொண்டுவந்த நடைமுறைப் பேராசிரியர் ஏற்பாட்டில் பதினைந்து வருட அனுபவம் உள்ளவரைப் பட்டம் பார்க்காமல் எடுக்கலாம். மொத்தப் பணியிடத்தில் பத்து சதவீதம் வரை. எத்தனை கல்லூரி அதைப் பயன்படுத்துகிறது என்று குழுவில் கேளுங்கள் பழைய_லிங்கோ. உங்கள் கையில் இருக்கும் நல்ல கேள்வி அது.

இன்னொன்று பட்டத்தின் பெயர். விஷுவல் கம்யூனிகேஷன், எலக்ட்ரானிக் மீடியா, அனிமேஷன், மல்டிமீடியா என்று ஊருக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறோம். விளம்பரப் பலகைக்கு அழகாகத்தான் இருக்கும். ஆனால் அந்தப் பிள்ளை பின்னால் அரசு வேலைக்கு விண்ணப்பிக்கும்போது, இந்தப் பட்டம் அந்தப் பட்டத்துக்கு இணையானது என்று அரசாணையைத் தேடி அலைய வேண்டும். என் மாணவி ஒருத்தி இதற்காக எட்டு மாதம் அலைந்தாள். பெயரை மாற்றாமலே உள்ளே எவ்வளவோ மாற்றலாம்.

ரெண்டர்_ராத்திரி சொல்வதில் எனக்கு முழுச் சம்மதம், ஒன்றைச் சேர்க்கிறேன். கருவியா, கண்ணா என்ற சண்டை புதிதல்ல. எழும்பூர் பக்கம் இருக்கும் அரசு கவின்கலைக் கல்லூரி 1850-இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கிய பள்ளியிலிருந்து வந்தது. ஓவியத்தோடு தொழிற்கலையையும் சேர்த்தே அங்கே வளர்த்தார்கள். வரைகிறவனுக்குப் பிழைப்பும் வேண்டும் என்பது அன்றே தெரிந்த விஷயம். அண்ணா பல்கலைக்கழகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பொறியியல் வளாகத்துக்குள் ஊடகப் படிப்பை வைத்தார்கள், 2004 பிப்ரவரியில் நாட்டின் முதல் வளாகச் சமுதாய வானொலியான அண்ணா எஃப்எம்மைத் தொடங்கினார்கள். ஒலிபரப்புக்குப் போகப்போகிறது என்று தெரிந்து ஒலித்தொகுப்பு கற்கும் பிள்ளைக்கும், மதிப்பெண்ணுக்காகக் கற்கும் பிள்ளைக்கும் உள்ள வித்தியாசத்தை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

சைபர்ஜெயா

மலேசியாவிலிருந்து வணக்கம். உங்கள் பேச்சைப் படித்துக்கொண்டே வந்தேன், எங்கள் கதையும் இதேதான். 1996-இல் மல்டிமீடியா சூப்பர் காரிடார் என்று அரசாங்கம் பெரிய திட்டம் போட்டது. மலாக்காவில் தொலைத்தொடர்பு நிறுவனம் தொடங்கிய பல்கலைக்கழகத்துக்கே பிறகு மல்டிமீடியா பல்கலைக்கழகம் என்று பெயர் வைத்து, 1999-இல் சைபர்ஜெயாவில் புது வளாகம் திறந்தார்கள். அங்கே படைப்பாக்க மல்டிமீடியாவுக்கு ஒரு புலமே உண்டு. நான் அதில் படித்தவள்.

மல்டிமீடியா என்ற சொல்லே அப்போது எதிர்காலம் மாதிரி இருந்தது. இப்போது வேலை விளம்பரத்தில் அந்தச் சொல்லைப் பார்ப்பதே குறைந்துவிட்டது. யூஎக்ஸ் (பயனர் அனுபவ வடிவமைப்பு), மோஷன், கேம் என்று பிரித்துத்தான் கேட்கிறார்கள். பல்கலைக்கழகத்தின் பெயரை மாற்ற முடியாது, உள்ளே இருக்கும் சிறப்புப் பிரிவுகளை மாற்றலாம், எங்கள் ஊரில் அதைத்தான் செய்துவருகிறார்கள். வகுப்பறை ஐயா சொன்னதை ஆமோதிக்கிறேன்.

இன்னொரு வருத்தம். எங்களுக்கு எழுத்துரு வகுப்பு நன்றாக இருந்தது, எல்லாம் ரோமன் எழுத்தில். என் மொழியில் ஒரு தலைப்பை அழகாக அமைக்க நான் எங்கும் கற்கவில்லை. தைப்பூசத்துக்குக் கோயில் பதாகை செய்துதரச் சொன்னால் இன்றும் கை நடுங்குகிறது.

பட்டைத்தூரிகை

இதுவரை சும்மா படித்துக்கொண்டிருந்தேன். சைபர்ஜெயா தங்கையின் கடைசி வரி என்னை எழுத வைத்துவிட்டது.

நான் முப்பது வருடமாகத் தமிழ் எழுத்தோடு புழங்குகிறவன். சுவரெழுத்தில் தொடங்கி, பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருள், பிறகு இதழ் வடிவமைப்பு, இப்போது செயலிகள். பேஜ்மேக்கர் காலத்தில் ஒவ்வொரு எழுத்துரு நிறுவனமும் தனக்கென்று ஒரு குறியீட்டு முறை வைத்திருந்தது. ஒருவர் தட்டியதை இன்னொருவர் எழுத்துருவில் திறந்தால் குப்பையாக வரும். 1999-இல் சென்னை மாநாட்டில் டாம், டாப் என்று பொதுக் குறியீட்டுத் தரம் வகுத்தார்கள். 2010-இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியை (யூனிகோடு) ஏற்றது. சரி, இனி விடிந்தது என்று நினைத்தோம். ஆனால் ஒருங்குறியில் "கொ" என்று தட்டி ஃபோட்டோஷாப்பில் ஒட்டினால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் சிதறும். பிற்காலப் பதிப்புகளில் தெற்காசிய மொழிகளுக்கான தேர்வு ஒன்றை மாற்றினால் சரியாக வரும். இன்றைக்கும் வேலைக்கு வரும் பத்துப் பிள்ளைகளில் எட்டுப் பேருக்கு அந்தத் தேர்வு எங்கே இருக்கிறது என்று தெரியாது. மூன்று வருடம் ஃபோட்டோஷாப் படித்தவர்கள் இவர்கள்! பழைய எழுத்துருவில் தட்டி, படமாக மாற்றி ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஆக, ரெண்டர்_ராத்திரி அவர்களே, கருவியையும் நாம் ஒழுங்காகக் கற்றுத்தரவில்லை. நம் மொழிக்குத் தேவையான இடத்தில் கற்றுத்தரவில்லை.

ஒரு பொத்தானை எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் "சப்மிட்", ஆறு எழுத்து. பொத்தானின் அகலம் அதற்கு அளந்து வைத்தது. தமிழ்ப் பதிப்பில் அங்கே "சமர்ப்பிக்கவும்" என்று போடுகிறார்கள். ஒன்பது எழுத்து, ஒவ்வொன்றும் அகலமானது. பொத்தானை விட்டு வெளியே வழிகிறது, அல்லது எழுத்தை எறும்பளவுக்குச் சுருக்கிவிடுகிறார்கள். என்னிடம் பயிற்சிக்கு வந்த ஒரு பெண் இரண்டு நாள் அந்தப் பொத்தானோடு மல்லுக்கட்டினாள். மூன்றாம் நாள் "அனுப்பு" என்று மாற்றினாள். நான்கு எழுத்து, கச்சிதமாக உட்கார்ந்தது, வயதானவர்களுக்கும் புரிந்தது. வடிவமைப்பும் மொழியும் ஒரே வேலை என்று அன்று அவளிடமிருந்துதான் நான் கற்றேன்.

அப்புறம் வரி இடைவெளி. ரோமன் எழுத்துக்கு வைத்த இடைவெளியில் தமிழைப் போட்டால் மேல்வரியின் "ழு" காலும் கீழ்வரியின் "றி" கொண்டையும் முட்டிக்கொள்ளும். பாட்டி கைபேசியைத் தூரத் தள்ளிப் பிடித்து வாசிக்கச் சிரமப்படுவது கண்ணாடியால் மட்டுமில்லை.

பழைய_லிங்கோ தம்பி, வரைவில் டைப்போகிராஃபி என்று ஒரு தாள் இருக்கும். அதைத் திறந்து பாருங்கள். அதில் தமிழ் என்ற சொல் எத்தனை முறை வருகிறது?

பழைய_லிங்கோ

திறந்து பார்த்தேன் அண்ணா. ஒரு முறைகூட இல்லை.

வகுப்பறை

இதில் எனக்கும் பங்கு உண்டு, ஒப்புக்கொள்கிறேன். நாங்களே எழுதிய பாடத்திட்டங்கள்தான். எங்கள் பிள்ளைகளுக்குப் பொதுத் தமிழ்த் தாள் இருக்கிறது, பக்கத்துக் கட்டடத்தில் தமிழ்த்துறை இருக்கிறது. இரண்டு துறையும் ஒரு முறைகூட ஒன்றாக உட்கார்ந்ததில்லை. 1978 எழுத்துச் சீர்திருத்தத்தில் "ணை", "லை" எப்படி உருமாறின என்பது தமிழ்த்துறைக்குத் தெரியும். அந்த மாற்றம் எழுத்தின் கோட்டுக்கு என்ன செய்தது என்பதை வரைந்து காட்ட எங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இரண்டையும் ஒரே வகுப்பில் வைக்கலாமே.

ஸ்டேஜ்_பிரேம்

தாளாக வைத்தால் மட்டும் போதாது. ஸ்டூடியோ வகுப்பாக வையுங்கள், வாரம் நான்கு மணி நேரம், முதலில் கையால். கணினி பிற்பாதியில்.

ரெண்டர்_ராத்திரி

இதற்கு என் முழு ஓட்டு. தமிழ்ப் படத் தலைப்புகளை அசைவோடு செய்ய ஆள் கிடைக்காமல் நாங்கள் தவிக்கிறோம். இதுவும் வேலை வாய்ப்புதான்.

பழைய_லிங்கோ (ஞாயிறு காலை)

கூட்டம் நேற்று மூன்றரை மணி நேரம் நடந்தது. சுருக்கமாகச் சொல்கிறேன்.

பட்டத்தின் பெயர் மாறவில்லை. வகுப்பறை சார் சொன்ன அரசாணை விஷயத்தைச் சொன்னதும் பெயரைப் பற்றிய பேச்சு நின்றுவிட்டது. பதினொரு தலைப்புகளில் எட்டிலிருந்து மென்பொருள் பெயரை எடுத்தாயிற்று, மூன்றில் மட்டும் இருக்கட்டும் என்றார்கள். 3டி தாளுக்கு பிளெண்டர். செயல்முறைப் புத்தகத்துக்கு நாற்பது மதிப்பெண். நடைமுறைப் பேராசிரியர் கேள்விக்கு "நிர்வாகத்திடம் வைக்கிறோம்" என்ற பதில்தான் கிடைத்தது. இருட்டறை கிடைக்கவில்லை, ஹைப்போ அக்கா. தண்ணீர், கழிவு, ரசாயனம் என்று காரணம் சொன்னார்கள். டெஸ்ட் ஸ்ட்ரிப் பற்றி நீங்கள் எழுதியதை அப்படியே வாசித்துக் காட்டினேன். மூத்த பேராசிரியர் ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், ஆனால் முடிவு மாறவில்லை.

"தமிழ் எழுத்து: கையும் திரையும்" என்று நான்கு கிரெடிட்டுக்கு ஒரு ஸ்டூடியோ வகுப்பு இரண்டாம் செமஸ்டரில் வருகிறது. தமிழ்த்துறையும் சேர்ந்து நடத்தும். ஒருவரும் எதிர்க்கவில்லை. ஆனால் துறைத்தலைவர் உடனே கேட்டார்: "நடத்துவது யார்?" நான் பதில் சொல்லவில்லை. அண்ணா, நீங்கள் வருவீர்களா? விருந்தினர் விரிவுரையாளர் ஊதியம் மிகக் குறைவு, இப்போதே சொல்லிவிடுகிறேன்.

பட்டைத்தூரிகை

ஊதியத்தை விடு தம்பி. செவ்வாயும் வெள்ளியும் காலையில் வருகிறேன். முதல் மூன்று வாரம் கணினி அறை வேண்டாம். பெரிய மேசை, பழைய செய்தித்தாள் ஒரு கட்டு, ஒரு அங்குலப் பட்டைத் தூரிகை நாற்பது, கறுப்பு போஸ்டர் கலர் வாங்கி வைக்கச் சொல். தூரிகையைப் பெயின்ட் கடையில் வாங்கட்டும், ஓவியக் கடையில் விலை மூன்று மடங்கு. முதல் நாள் "அ" மட்டும்தான் எழுதப்போகிறோம்.

செகண்ட்_இயர்

ஐயா, நான் அடுத்த வருடம் மூன்றாம் வருடம் போய்விடுவேன், என் கல்லூரியும் அது இல்லை. வந்து பின்னால் உட்கார்ந்துகொள்ளலாமா?

பட்டைத்தூரிகை

வாம்மா. தூரிகை நாற்பத்தொன்று என்று சொல்லிவிடுகிறேன்.